ஆவுளியா சாரும் குருவி விழாவும்

எந்த உயிரைக் காட்டினாலும் "இது யாரு வகையறா?" என்று ஆரம்பித்து, பங்காளி வரை விசாரித்துச் சொல்லிவிடும் மனிதர் காவிரி பாயும் பூமியில் ஒருவர்தான். எங்கள் கல்லூரியின் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் நிச்சயம், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பது மட்டும் நிச்சயமில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் ஆவுளியா சார். ஆவுளியா என்றால் கடற்பசு. பேராவூரணிக்குக் கிழக்கே, கடலடியில் புல் மேய்கிற சாது.

கேன்டீனில் கேசரி வாங்கிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து குரல் வரும்.

"சார், கடற்பசுவுக்கும் பசுவுக்கும் ஒட்டே இல்ல. யானைதான் நெருங்கின சொந்தம்."

தமிழ்த்துறைக்காரனான நான் அதுவரை யானையை முதலையோடு மட்டுமே சேர்த்துப் படித்தவன். கேசரி ஆறிவிடும்.

எங்கள் தாளாளருக்குச் சிட்டுக்குருவி என்றால் உயிர். குருவி தினத்தன்று ஊருக்கெல்லாம் மரக்கூண்டு வழங்குவார். இந்த வருஷம் அதே வாரத்தில்தான் ஆவுளியா சாருக்கு வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

"குருவிய நாலு வார்த்தை புகழ்ந்துட்டு எறங்கிடுங்க சார்," என்று கெஞ்சினேன்.

தலையாட்டிவிட்டு விழா மேடையேறினார்.

"அழியிற உயிர்களுக்குன்னு உலகப் பட்டியல் ஒண்ணு இருக்கு. சிட்டுக்குருவி, அதுல கவலை ரொம்பக் குறைஞ்ச இனம். நம்ம தெருவுல குறைஞ்சிருக்கலாம், உலகத்துல சௌக்கியமா இருக்கு. ஆவுளியா நெலம அப்படி இல்ல, அழிஞ்சுபோற ஆபத்துல இருக்கு. ஒண்ணு பறவை, ஒண்ணு பாலூட்டி, சொந்தபந்தம் கிடையாது. ஆனா விழா மட்டும் குருவிக்குத்தான்."

தாளாளர் மைக்கை இழுத்தார். "அப்ப கூண்டு வேணாங்கிறீங்களா?"

"மாட்டுங்க சார். குருவி வராட்டியும் அணில் வரும்."

நன்றியுரை என்னுடையது. யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் மைக்செட்காரருக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் தாளாளர் அறையிலிருந்து வந்த முதல்வர், அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "என் மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொல்ல ஒருத்தராவது இருக்கட்டும்யா. நிரந்தரம் பண்ணிடுங்க. அட்மிஷன் டேபிள்ல மட்டும் உக்கார வச்சுடாதீங்க."

ஓடிப்போய்ச் சேதி சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"அணில் யாரு வகையறான்னு கேட்டாரா சார்?"

வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்கள் வலையை அறுத்துக் கடலில் விட்டார்கள் என்று எப்போதாவது பேப்பரில் வரும். உடனே அவருக்குப் போன் போடுகிறேன். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் குரலில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டால்தான் எனக்குப் பேப்பர் படித்த மாதிரி இருக்கிறது.