பெரியவர் ஓய்வு பெறுகிறார்

"தொழில்னு கேட்டிருக்கிற இடத்துல என்ன போடட்டும்?" என்று கேட்டார் வங்கியில் இருந்த பெண்மணி.

"விவசாயம்."

"நிலம் யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"விளைச்சல் வித்து வர்ற பணம்?"

"அதுவும் அப்பாகிட்டதான்."

"அப்போ நீங்க?"

சின்னவர் கொஞ்சம் யோசித்தார். "நான் அவரோட மகன்."

பெண்மணி பேனாவை மூடிவிட்டார். அறுபதுக்குப் பிறகு மாதாமாதம் பணம் வரும் திட்டம் அது. சேர்வதற்குச் சொந்த வருமானம் என்று ஒன்று வேண்டும்.

"நிலத்தை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க, ஐயா. ஐம்பத்தஞ்சு வயசோட சேர்க்கை முடிஞ்சிடும். உங்களுக்கு இன்னும் நாலு மாசம்தான்."

ஐம்பத்து நாலு வயது முடிந்தும் ஊருக்கு அவர் சின்னவர்தான். எழுபத்தெட்டு வயது அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தால்தானே இவர் பெரியவர் ஆக முடியும்? கூடப் படித்த பஸ் கண்டக்டர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இப்போதே சாய்வு நாற்காலி போட வாசலில் இடம் பார்த்துவிட்டார். அப்பா செலவில் மகள் படிப்பே முடிந்துவிட்டது; சின்னவருக்கு மட்டும் அந்த நாள் கண்ணில் படவில்லை.

அன்று மாலை வரப்பில் நின்று மெதுவாக ஆரம்பித்தார். "போதும்பா. வீட்ல உக்காருங்க. நிலத்தை இனி நான் பார்த்துக்கறேன்."

பெரியவர் நிமிரவில்லை. "நீ பார்க்கிற லட்சணத்தைத்தான் பார்த்துட்டே இருக்கேனே. மடையைத் திற."

"இல்லப்பா, பேர் மாத்தற விஷயமா..."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

மறுநாள் சின்னவர் ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்தார். பெரியவர் சாய்ந்து பார்த்தார். பிடித்திருந்தது. விடிந்ததும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலுக்கே போய்விட்டார். அதுவரை மதியம் சாப்பிடவாவது வீட்டுக்கு வருவார். இப்போது சாப்பாடும் மரத்தடிக்கே போயிற்று. "டேய், அந்த மூலையில களை நிக்குது பாரு" என்று பொழுது சாயும்வரை குரல் வந்துகொண்டே இருந்தது.

அடுத்து டாக்டர். "வயலுக்குப் போகக்கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவார்" என்று முன்கூட்டியே போய்க் கெஞ்சிவிட்டு, அப்பாவை அழைத்துப் போனார். டாக்டர் நேர்மையானவர். பெரியவரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்ற மகனையும் உட்காரச் சொல்லிச் சோதித்தார்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. ஓய்வு வேண்டியது உங்களுக்குத்தான்."

 வீடு வந்ததும் பெரியவர் மருமகளிடம் சொன்னார்: "இவனை ஒரு மாசம் வயல் பக்கம் விடாதே. இவன் வேலையையும் சேர்த்து நானே பார்த்துக்கறேன்."

சின்னவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஓய்வூதியம்தான் இல்லை.

நாலு மாதத்தில் ஒரு மாதம் இப்படிப் போகிறதே என்று கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார். இரண்டு நாள் பார்த்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவரைக் கேட்டா காரியம் ஆகாதுங்க. மாமா ஓய்வு எடுத்துட்டார்னு நீங்களே ஊர்ல சொல்லிடுங்க. நாலு பேர் விசாரிச்சா, கூச்சத்துக்காவது வீட்ல உக்காருவார்."

ஒரு விஷயம் ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் உரக்கடையில் சொன்னால் போதும். சின்னவர் போனபோது கடைக்காரர் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா வேலையை விட்டுட்டார். இனி வயல்ல இறங்க மாட்டார். எல்லாம் நான்தான்."

கடைக்காரர் எண்ணுவதை நிறுத்தினார். "நிஜமாவா? பெரியவரே சொன்னாரா?"

"வேணும்னா எழுதித் தர்றேன்."

கடைக்காரர் உடனே தாளும் பேனாவும் நீட்டினார். சின்னவர் நிறுத்தி நிதானமாக எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவைக் கேட்காமல் ஒரு கையெழுத்துப் போட்டார். மனசு லேசானது. இனிமேல் நான்தான் பெரியவர் என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்காரர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ணு படிப்புக்குன்னு அவர் நிலத்தை எனக்கு வித்து ஏழு வருசம் ஆச்சு, தன்னால வயல்ல இறங்க முடியற வரைக்கும் பயிர் வச்சுக்கறேன், பையனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், நானும் சரின்னுட்டேன்... மோட்டார் ரூம் சாவியை எப்ப தர்றீங்க?"