ஹாரன் மாமாவின் லாரிக்கு விக்கல்

என் ஹாரன் மாமாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. பதில் வராது என்று தெரிந்தும் கேட்டு வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், உங்கள் லாரிக்கு விக்கல். முப்பது வருஷம் நீங்கள் ஓட்டிய நிஜ லாரியைச் சொல்லவில்லை. முழங்கால் போனதும், "வீட்டுலயே ஓட்டுறேன் பாரு"ன்னு ஒவ்வொரு பாகமாக வாங்கி, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, நீங்களே பூட்டினீர்களே ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் விளையாட்டில் ஓடுகிற லாரி. நீங்கள் போய் இரண்டு மாசம் கழித்து அதைப் போட்டேன். நீங்கள் நிறுத்தின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இன்னும் நாற்பது கிலோமீட்டர் என்று திரையில் போட்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு எண்ணாவது தெரியாதா? லோடைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நீங்கள். சரி, நானே இறக்கிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் லாரி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. ஒரு அடி போகிறது, நிற்கிறது, விக்குகிறது. மோதின பிறகுதான் மரமே கண்ணுக்குத் தெரிகிறது.

என் தம்பி வந்து பார்த்தான். "இது செத்த பொட்டிக்கா. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாரேன், வித்துரலாம்"னான். செத்த என்று சொன்னவன், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள். விடுவேனா? சூடாயிருக்கும் என்று மேஜை விசிறியைத் திருப்பி வைத்தேன். காலண்டர் கிழிந்ததுதான் மிச்சம். மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். நான் தும்மினேன், லாரி விக்கியது. கடைசியில் கம்ப்யூட்டர் கடைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "பிரேம் விழுதும்மா, அதான் பிரச்சினை"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய்க் கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்தேன். பிரேம் அசையவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று ஆணி அடித்தேன். இனி வீடே விழுந்தாலும் நீங்கள் விழமாட்டீர்கள். திரும்பவும் போன் போட்டு, "பிரேமுக்கு ஆணி அடிச்சிட்டேம்மா, லாரி இன்னும் விக்குதே"ன்னேன். "அய்யோ, எதுல ஆணி அடிச்சீங்க?"ன்னு அலறிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள் பாவம்.

அவள் சொன்ன பிரேம், திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற படமாம். வந்தவள் பொட்டியின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். திரையின் ஒயரைக் கீழே இருக்கிற, விளையாட்டுப் படத்தை வேகமாக ஓட்டுகிற கார்டில் சொருக வேண்டுமாம்; மேலே சொருகியிருக்கிறதாம். "உங்க வீட்டுக்காரர் பெரிய கார்டா போட்டிருக்காரும்மா. அது வேலை வெட்டி இல்லாம சும்மா உக்காந்திருக்கு"ன்னா. தம்பி எதிரே உட்கார்ந்திருந்ததால், காபி போடுகிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.

சொருகினது நான்தான் மாமா. உங்களைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும் என்று மேஜையை நகர்த்தினபோது, ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். திரும்ப வைக்கும்போது கண்ணை மறைத்தது. கைக்கு அகப்பட்ட ஓட்டையில் சொருகிவிட்டேன்.

மாற்றிச் சொருகினதும் லாரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. "இனிமே விக்காதுக்கா, விக்கவும் வேணாம்"னு தம்பியே சொல்லிவிட்டான். ஒரு குறையும் இல்லை. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள், முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தெருமுனையில் ஹாரன் கேட்டதும் அடுப்பில் தண்ணீர் வைக்கிறவள்.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதினது. அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டது. ரெண்டே ரெண்டுதான் மிச்சம். பயந்து போய் ஒயரைப் பிடுங்கி, பழையபடி மேல் ஓட்டையிலேயே சொருகிவிட்டேன். விக்கி விக்கி மெதுவாகவே போகட்டும். வெளியூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றையேதான் சொல்வீர்கள், "லோடு இறக்கினதும் நேரா வீட்டுக்குத்தான்"னு. இதையும் இறக்கிட்டா, நேரா வீட்டுக்குத்தானே வருவீங்க?