நாற்சந்தி மண்ணும் நடுங்கும் சுரமும்

பெல்வாட் ஊரில் அந்த வருடம் பருத்தி விளைந்ததோ இல்லையோ, கிதார் மேதைகள் அமோகமாக விளைந்தார்கள். எல்லாம் டாக்டர் ஸெபெதீயின் புண்ணியம். எந்தக் கல்லூரி கொடுத்த பட்டம் என்று கேட்காதீர்கள். மிசிசிப்பிக் கரையில் டாக்டராவதற்கு ஒரு கறுப்புத் தொப்பி போதும். நாற்சந்தி மண்ணைச் சிவப்புத் துணியில் முடிந்து கிதாரின் கழுத்தில் கட்டினால், சுரம் தானாகவே நடுங்குமாம். முடிச்சு ஐந்து டாலர். முடிவெட்டும் கடையிலிருந்து பருத்தி ஆலை வரை வரிசை நின்றது.

நடுங்கும் சுரம் என்றால் சும்மாவா? விரலை ஓட்டுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கம்பியை அழுத்திய விரலை நிதானமாக அசைத்து, சுரத்தைச் சற்றே ஏற்றி இறக்கி, அழுகிறவனின் தொண்டையைப் போல அதைப் பேச வைக்கிறவன்தான் முன்னால் நின்று வாசிக்கத் தகுந்தவன். அந்த அசைவு வர ஆண்டுக்கணக்கில் விரல் தேய வேண்டும். டாக்டரோ நாற்பதே நாளில் தருகிறார். ஒரே ஒரு பத்தியம்: நாற்பது நாளும் கிதாரைத் தொடக் கூடாது!

ஓஸெல்லாவுக்கு வயிறு எரிந்தது இந்தப் பத்தியத்தால்தான். அவள் புருஷன் கிளியோன் ஆலையில் பொதி சுமப்பவன். பத்து வருடமாக வாசித்து வாசித்து அசைவு அப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. வருகிற சனிக்கிழமை மெம்ஃபிஸிலிருந்து ஓர் இசைக்குழுத் தலைவர் கிதாருக்கு ஆள் எடுக்க வருகிறார். அன்று தேறினால் பொதி சுமக்கும் வேலைக்கே முழுக்கு. ஆனால் கிளியோனின் கிதாரோ சிவப்பு முடிச்சோடு முப்பத்து நான்கு நாளாக ஆணியில் தொங்குகிறது.

"விரலைக் காட்டு கிளியோன். காய்ப்பெல்லாம் போயிடுச்சே! பூனைக்குட்டி வயிறு மாதிரி ஆயிருக்கு."

"காய்ப்பு இருந்தா ஆவி எப்படி உள்ள நுழையும்? டாக்டரே கேட்டாரு."

"தோலையே தாண்டத் தெரியாத ஆவியா? நல்ல ஆவியப் புடிச்ச போ!"

"நீ சர்ச்சுல பாடுறவ. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

ஞாயிறு ஆராதனை முடிந்து ஊரே கெளுத்தி மீன் வறுவலுக்குக் கூடியபோது டாக்டர் அற்புதம் காட்டினார். தடித்த கம்பளத்தின் மேல் நாற்காலி. மடியில் சிவப்பு முடிச்சு கட்டிய கிதார். பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி. இடது கையை வானத்துக்குத் தூக்கியபடியே, வலது கையால் கம்பியை மீட்டினார். "விப்ராட்டோ! வந்துடு!" என்று காலைத் தொம்மென்று ஊன்றினார். சுரம் கிடுகிடுவென்று நடுங்கியது.

"கை படவே இல்லையே!" என்று கூட்டம் வாயைப் பிளந்தது.

"விப்ராட்டோன்னா யாரு?" என்றாள் ஓஸெல்லா.

பக்கத்தில் நின்ற சர்ச் ஊழியர் டீக்கன் ஹோரஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நியூ ஆர்லியன்ஸ் ஆவிம்மா. அந்தப் பெட்டியிலயே பேரு போட்டிருக்கு பாரு, திருகுற குமிழுக்கு மேல!"

பெட்டி செய்தவர்கள் குமிழுக்கு வைத்த பெயரை ஆவிக்கு ஞானஸ்நானம் செய்து வைத்துவிட்டது ஊர். அந்தப் பெயரும் தப்பு; விப்ராட்டோ என்றால் விரல் அசைத்துச் சுரத்தை ஏற்றி இறக்குவது. இருபது வருடம் சர்ச்சில் பாடிய காது ஓஸெல்லாவுடையது. சுரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று அது சொன்னது. கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல் சத்தம் மட்டும் கூடிக் குறைந்தது. அது விரல் செய்கிற வேலையே இல்லை.

"டாக்டர் ஐயா, ஒரு சின்ன ஆசை. ரெண்டு காலையும் தூக்கி இந்த முக்காலி மேல வெச்சுக்கிட்டு ஆவியக் கூப்பிடுங்களேன்."

"ஆவிக்கு மண் தொடர்பு வேணும், சிஸ்டர்."

"அதான் அஞ்சு டாலர் மண்ணு முடிச்சுல இருக்கே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லை, டாக்டர் காலைத் தூக்கினார். "விப்ராட்டோ! வந்துடு!" சுரம் குச்சிபோல விறைத்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். ஆவிக்கு அன்று காது கேட்கவில்லை.

ஓஸெல்லா சிவப்பு முடிச்சை அவிழ்த்து மீன் வறுக்கிற எண்ணெயில் போட்டாள். கம்பளத்தை ஓங்கி மிதித்தாள். கம்பியைச் சுண்டினாள். முடிச்சு இல்லாமலே சுரம் கிடுகிடுத்தது! டீக்கன் கம்பளத்தைப் புரட்டினார். அடியில் ஓர் இரும்புப் பொத்தான். அதிலிருந்து பெட்டிக்கு ஒரு மின் ஒயர். டாக்டர் தொப்பியைக்கூட எடுக்காமல் பருத்திக்காட்டுப் பக்கம் மறைந்தார்.

கிளியோன் வீட்டுக்கு ஓடிக் கிதாரை இறக்கினான். ஆறு நாளில் என்ன செய்ய முடியும்? பச்சைத் தோல் கொப்புளித்துக் கிழிந்தது. சனிக்கிழமை துணி சுற்றிய விரலோடு வாசித்தான். மெம்ஃபிஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். "அசைக்கத் தெரிஞ்ச கைதான் தம்பி. ஆனா ஒரு மாசமா எங்கே போயிருந்துச்சு?" என்றார். கிரீன்வுட்டிலிருந்து வந்த வேறொருவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஓஸெல்லா சமையலறையில் நின்று அழுதாள். கிளியோன் திங்கட்கிழமை பொதி சுமக்கப் போனான்.

அன்று மாலையே தலையில் தொப்பியோடு டீக்கன் ஹோரஸ் வந்து கதவைத் தட்டினார். "ஓஸெல்லா, அந்த டாக்டர் ஃபிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா கிரீன்வுட் பக்கம் நிஜமான டாக்டர் ஒருத்தர் இருக்காராம். அவர் மண்ணு சுத்தமான மண்ணாம். கிளியோனுக்கும் ஒண்ணு சொல்லி வைக்கவா?"

"விரலை அசைக்கறது அவன் பாடு, டீக்கன். நாளைக்கே ஆரம்பிச்சிடுவான். நீங்க முதல்ல அந்தத் தொப்பிக்குக் கீழ இருக்கறதக் கொஞ்சம் அசைச்சுப் பாருங்க. அத யாரும் நாற்பது நாள் தொடாதேன்னு சொல்லலையே!"