முத்து வைத்த கலியாணச் சட்டை

"அளவு எழுதின துண்டைப் பாத்து நான் கலியாணச் சட்டை வித்ததில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வா," என்றாள் கடைக்காரி.

விக்னராஜாவுக்கு வியர்த்தது. ஆளைக் கூட்டிவர முடியுமென்றால் அவர் ஏன் இந்தக் கடைப் படியை மிதிக்கப் போகிறார்? ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. சுற்றிவர, நிலம் தொடும் வெள்ளைச் சட்டை போட்ட மணப்பெண் பொம்மைகள். நடுவில், முன்வழுக்கை விழுந்த நாற்பத்தாறு வயது மனிதராக அவர் ஒருவர்தான் ஆம்பிளை.

எல்லாம் சிஞோரா நினெத்தா காலையில் போட்ட உத்தரவு. கால்சாப் பகுதியில் நாலாம் மாடியில் தனியே இருக்கும் அந்த எழுபத்தாறு வயது விதவையின் வீட்டில் விக்னராஜா ஆறு வருடமாகச் சமைத்து, துடைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து வருகிறார்.

"விக்கி, எனக்கொரு கலியாணச் சட்டை வேணும். என்ரை அளவிலை. முத்து, கல்லு, சரிகை எல்லாம் அள்ளிக் கொட்டியிருக்கவேணும். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. முக்கியமாய் என்ரை மோனுக்கு!"

"ஆருக்குச் சிஞோரா கலியாணம்?"

"முத்து நிறைய," என்றுவிட்டுச் சிஞோரா கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் விக்னராஜாவின் பெர்மெஸோ, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, முடிகிறது. அதைப் புதுப்பிக்கச் சிஞோராவின் கையெழுத்து வேண்டும். ஆகவே அவர் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை.

இப்போது ஆளுக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தால், உயரத்திலும் பருமனிலும் சிஞோராவும் அவர் மனைவி அம்பிகையும் ஒரே அச்சு. ஒரே ஒரு சிக்கல், அம்பிகை வீட்டுவேலை செய்வது சிஞோராவின் மகன் சல்வத்தோரே வீட்டில்.

"சத்தியம் பண்ணும். அங்கை வாயே திறக்கக்கூடாது," என்றார் பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது.

"நான் என்ன ரேடியோவே? கேட்டால்தான் சொல்லுவன்," என்றாள் அம்பிகை.

முதற்சட்டை மொட்டையாக இருந்தது. இரண்டாவதில் கழுத்தைச் சுற்றி மட்டும் முத்து. "இன்னும் மினுங்க வேணும்," என்றார் விக்னராஜா. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் அதையேதான் சொன்னார். கடைக்காரி பொறுமையிழந்து உள்ளே போய், எட்டு வருடமாக விலைப்படாமல் கிடந்த ஒன்றை உதவிக்காரியோடு சேர்ந்து தூக்கி வந்தாள். தோளில் கல், நெஞ்சில் முத்து, கையில் சரிகை, பின்னால் நாலு மீற்றர் வால். வாலின் நுனியிலும் முத்து.

அம்பிகை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

"காணும், கழட்டும்."

"எனக்கு நீங்கள் எடுத்த கலியாணக் கூறைச் சீலையிலை ஒரு கல்லாவது இருந்ததே? கொஞ்சம் பொறுங்கோ."

கடைக்காரி விக்னராஜாவின் தோளைத் தட்டினாள். "மகள் நல்ல வடிவு. அழாதை அப்பா, பொம்பிளைப் பிள்ளையள் போகத்தான் வேணும்."

"மகளோ? நான் அவளுக்குத் தாலி கட்டின மனுசன்! பதினெட்டு வருசமாய் மனுசன்!" என்று வெடித்தார் விக்னராஜா.

பதினெட்டு வருசமாய் மனுசனென்றால் இப்போது எதற்குக் கலியாணச் சட்டை? எல்லாரும் அவரையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வழியில்லை.

"திரும்பக் கட்டப் போறம்," என்றார். "அன்பு கூடிப் போச்சு."

கடைக்காரி விம்மத் தொடங்கினாள். வாடிக்கைக்காரிகள் கை தட்டினார்கள். யாரோ விக்னராஜாவை இழுத்து அம்பிகைக்குப் பக்கத்தில் நிறுத்த, கடைக்காரி உடனே படம் வரும் கமராவால் அடித்து, ஈரம் காயமுன்னமே கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

சட்டை அன்றைக்கே சிஞோராவின் அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்தநாள் காலை தொலைபேசி அடித்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் அம்பலவாணர்.

"என்ன விக்னராஜா, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டீராம். நல்லது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஐயோ அண்ணை, ஆர் சொன்னது?"

"ஸ்ரேசனாலை வாற சனம் முழுக்கச் சொல்லுது. அம்பிகை தேவதை மாதிரி நிக்கிறாவாம். நீர் கார் சாரதி மாதிரி நிக்கிறீராம்."

விக்னராஜா கடைக்கு ஓடினார். அவசரத்தில் அவருக்கு இத்தாலியன் பாதிதான் வந்தது. 'ஒரு சின்ன உதவி, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ' என்று சொல்ல நினைத்தார். "பிக்கொலோ... போட்டோ... பிக்கொலோ..." என்றுதான் மூச்சு வாங்கியபடி சொல்ல முடிந்தது.

"ஓம் ஓம், சின்னன்தான். எனக்கும் அதுதான் மனவருத்தம்," என்றாள் கடைக்காரி.

மறுநாள் அந்தப் படம் கதவளவுக்குப் பெருத்து நின்றது. இப்போது பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிந்தது. அந்தப் பஸ் ஒன்றில் சல்வத்தோரேயின் மனைவி இருந்தாள்.

அவள் வீட்டுக்குப் போய் அம்பிகையைக் கேட்டாள். அம்பிகை சத்தியத்தை மீறவில்லை. தானாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள்.

"அந்தச் சட்டை உனக்கோ?"

"இல்லை சிஞோரா. உங்கடை மாமியாருக்கு."

"மாமிக்கோ? அப்ப பக்கத்திலை நிக்கிற மாப்பிள்ளை?"

"அது விக்னராஜா."

அது தன் கணவர் என்று அம்பிகை சொல்லவில்லை; அதை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் சல்வத்தோரே நாலு மாடியும் ஏறி வந்துவிட்டான். சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த விக்னராஜாவின் சேர்ட்டைப் பிடித்தான்.

"என்ரை அம்மாவைக் கட்டப் போறியோடா?"

"ஐயோ சிஞோரே, எனக்குக் கலியாணம் முடிஞ்சுது!"

"முடிஞ்சிட்டுதோ! எப்ப? அதுதான் படமும் எடுத்துப் போட்டிருக்கிறியோ?"

"அது ஒத்திகைக்கு எடுத்தது!" என்றார் விக்னராஜா, அம்பிகை சட்டையைப் போட்டுப் பார்த்ததைச் சொல்ல நினைத்து.

"ஒத்திகையோ! வீட்டையும் எழுதி வாங்கிப்போட்டியோ? வா பொலிசுக்கு, குவெஸ்தூராவுக்கு! உன்ரை பெர்மெஸோவை நான் கிழிக்கிறன்!"

கத்தரிக்காய் கருகியது. சத்தம் மாடிப்படி வழியே தெருவரை போனது. விக்னராஜாவின் கண்ணில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகிற விமானம் தெரிந்தது. அப்போதுதான் சிஞோரா நினெத்தா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"அவனை விடு. சட்டை எனக்கில்லை."

"பின்னை ஆருக்கு?"

சிஞோரா மேலே பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "மாதாவுக்கு. முழங்கால் வருத்தம் குறைஞ்சால் கோயில் சுரூபத்துக்குப் புதுச் சட்டை சாத்துறன் எண்டு நேர்ந்தனான். அந்தச் சுரூபமும் என்னளவுதான். நேர்த்தியை முன்னமே வெளியிலை சொன்னால் பலியாதெண்டு மூடி வைச்சன்."

சல்வத்தோரேயின் பிடி தளர்ந்தது. கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "அம்மா, நான் உங்களைப் பற்றி என்ன நினைச்சன்!"

விக்னராஜாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. மூன்று நாளாக இந்தப் புண்ணியவதியைப் பற்றி அவரும் கண்டபடி யோசித்தாரே! வெட்கத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாங்களும் அப்பிடித்தான் சிஞோரே. ஊரிலை அம்மனுக்குப் பட்டுச் சாத்துவம்," என்று சொன்னார்.

சல்வத்தோரே எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தான். கசங்கிய சேர்ட்டைத் தன் கையாலேயே நீவிவிட்டான். பெர்மெஸோவுக்குத் தானே கூடவந்து வேண்டிய கையெழுத்தெல்லாம் போடுவதாகச் சத்தியம் பண்ணினான். தாயின் இரண்டு கையையும் முத்தமிட்டு, மூக்கை உறிஞ்சியபடி படியிறங்கிப் போனான்.

வீடு அமைதியானது. சிஞோரா சட்டையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விக்னராஜா கருகிய கத்தரிக்காயைச் சந்தோசமாகக் குப்பையில் கொட்டினார்.

வாசல் மணி மெல்ல ஒருதரம் அடித்தது.

கதவைத் திறந்தால், இரண்டாம் மாடியில் தனியே இருக்கும் கிழவர் தொன் காஸ்பரே நின்றார். தலைக்குப் புதிதாகக் கறுப்பு மை. கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி, நெஞ்சில் ரோசாப்பூ. சல்வத்தோரே போய்விட்டானா என்று படிக்கட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, விக்னராஜாவின் காதுக்குள் குனிந்தார்.

"மாதா வெளிக்கிட்டாச்சோ எண்டு கேள், தம்பி. அவவின்ரை மாப்பிள்ளை சூசையப்பர் வந்து நிக்கிறார் எண்டு சொல்லு."