‘ஒத்துக்காரன்’ நூலின் சிங்களப் பதிப்பு சம்பந்தமாக

றக்வானை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் பிரதாப் ஐயா அவர்களுக்கு,

றக்வானையிலிருந்து இருளப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே மழையும் அட்டைப்பூச்சியும் நல்ல சுகம். கொழும்பில் தாங்களும் அச்சகத்தாரும் அதேபோல் சுகமாக இருக்க முருகன் துணை.

ஐயா, நடராஜா அண்ணனின் கூட்டத்தில் நான் மாணிக்கக்கல் கடத்தும் வேன் ஓட்டியதையும், பிறகு பொலிசுக்கு உளவு சொல்லி அவரை உள்ளே அனுப்பியதையும் நீங்கள் புத்தகமாகப் போட்டீர்கள். பெயர்களை மாற்றச் சொன்னீர்கள். நடராஜா என்பதை நடராஜன் என்று மாற்றினேன். தலைப்புதான் காலை வாரிவிட்டது. இந்தப் பக்கம் எங்கள் பேச்சில் பாதி சிங்களம். சிங்களத்தில் ‘ஒத்துக்காரயா’ என்றால் உளவு சொல்கிறவன். அந்த நினைப்பில்தான் ‘ஒத்துக்காரன்’ என்று கம்பீரமாக வைத்தேன். தமிழில் அது நாயனக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் ஊதுகிறவன் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. உங்களுக்கும் உறைக்கவில்லையே ஐயா.

புத்தகம் வந்தால் ஊரே என்னைக் கண்டு நடுங்கும் என்று பார்த்தேன். கோயில் கமிட்டித் தலைவர் பழனியாண்டி தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து, "ஒரு வித்துவான நம்ம தோட்டத்து லயத்து வீட்டுலயே வச்சிக்கிட்டு இத்தன நாளா தெரியாமப் போச்சுங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திருவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். வந்திருந்த நாயனக்காரர், "யாருக்குங்க ஒத்து ஊதுனீங்க?" என்று கேட்டார். இனியாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நெஞ்சை நிமிர்த்தி, "பொலிசுக்குங்க" என்றேன். "பேண்டு வாத்தியத்துல நாயனத்தயும் சேத்துட்டாங்களா, நல்ல காலந்தான்" என்று அவர் சந்தோஷப்பட்டார். கூட்டம் கைதட்டியது, நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

வீட்டிலாவது மரியாதை உண்டா என்றால் அதுவும் இல்லை. புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் என் மனைவி மல்லிகா. நான் பொலிசுக்குத் தப்பான பாலத்தைச் சொன்ன அத்தியாயத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனுடைய ஜீப் பழுதாகி அந்தத் தப்பான பாலத்தடியிலேயே நின்றதால்தான் அவர் மாட்டினார். "ஒத்து குடுத்தது ஜீப்பு, நீங்க இல்ல" என்கிறாள்.

ஆகையால் ஐயா, சிங்களப் பதிப்பை உடனே போடுங்கள். சிங்களத்தில் தலைப்பைப் பார்த்ததுமே கடைத்தெருவுக்கு விளங்கிவிடும். முன்பக்கத்தில் என் படம் பெரிதாக, மீசை தெரிய இருக்கட்டும். "அண்ணன் வெளிய வந்தா நம்ம கதி என்னாங்க?" என்று மல்லிகா கிடந்து பதறுகிறாள். அவர் இப்போதைக்கு வரமாட்டார். வேன் ஓட்டும்போது எனக்கு அண்ணனிடம் பயம், உளவு சொல்லும்போது பொலிசிடம் பயம், இப்போது மல்லிகாவிடம் பயம். ஒருநாளாவது யாராவது என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் ஐயா, எனக்கு அது போதும்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் அச்சு மெஷினுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டும்,

தங்கள் அன்புக்குரிய
இரா. இருளப்பன்

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போடும்போது வாசலில் நடராஜா அண்ணன் வந்து நின்றார். வெசாக் பண்டிகைப் பொதுமன்னிப்பில் விட்டுவிட்டார்களாம். நேராக மேசையில் கிடந்த புத்தகத்தைத்தான் எடுத்தார். அவர் படித்தது சிங்களப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் நான் இன்னும் உயிரோடு இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "என்னடா பொத்தகம்?" என்றார். நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். மல்லிகாதான், "நாயனம் வாசிக்கிறதப் பத்திங்கண்ணே, கோயில்ல நல்ல பேரு" என்றாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட இருந்தப்ப இந்தத் தெறமையெல்லாம் மறச்சிட்டியேடா. சிங்களத்துல போடச் சொல்லு, செலவு என்னோடது" என்றார். ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்தப் பதிப்பு இந்த ஜென்மத்தில் வேண்டாம். அது வெளிவரும் வரைக்கும் தமிழ்ப் புத்தகத்தை நானே அவருக்குப் படித்துக்காட்ட வேண்டுமாம். நாளைக் காலையில் முதல் அத்தியாயம். தபாலை நம்பாமல் இதைக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாயனத்துக்கு எத்தனை துளை என்று யாரிடமாவது விசாரித்து இன்றைக்கே போன் பண்ணுங்கள்.