வாக்கெடுப்புக்கு முன் நான் கேட்ட கேள்வி

மாஸ்கோ,
மே 23

அன்புத் தம்பி எர்மோலாய்க்கு அண்ணன் சவேலி எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே உன் முழங்காலும் தேனீக்களும் சுகம்தானே? நீ அனுப்பிய ஊறுகாய்க் காளான் வந்து சேர்ந்தது. விருந்தில் முதலில் காலியானதும் அதுதான்.

மகள் ஸ்லாத்தா முனைவர் ஆகிவிட்டாள். நடுவில் உன் அண்ணன் என்கிற மடையன் அதைக் கெடுக்கப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு ஆராய்ச்சி முடிந்ததும் வங்கி வேலையில் சேருகிறேன் என்று அவள் எனக்குச் சத்தியம் செய்திருந்தாள், ஆறு வருடமாக நான் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன், அதனால் அவள் தன் ஆராய்ச்சியைத் தேர்வுக் குழு முன் விளக்குகிற அன்று கோட்டு மாட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். "அப்பா, வாயத் திறக்கக் கூடாது, சரியா?" என்றாள். நான் எங்கே திறக்கப்போகிறேன்? முப்பத்தொரு வருடம் டிராலிபஸ் ஓட்டினவன், 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே காலம் தள்ளினவன்.

நாற்பது நிமிடம் பேசினாள். கணக்கில் 'குலம்' என்று ஏதோ ஒன்றாம், அதில் எதையும் இரண்டு முறை செய்தால் செய்யாததற்குச் சமமாம். அங்கே இரண்டு தோட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால், அவற்றின் வேலிகள்கூட ஒன்றையொன்று தொடாதாம். பக்கத்துத் தோட்டத்து ஃபோமாவோடு ஒரே வேலிக்காகப் பதினெட்டு வருடம் மல்லுக்கட்டுகிற எனக்கு அது சொர்க்கமாகத்தான் பட்டது. அப்படி ஒரு குலம் இருந்தால், விசேஷமான அல்ட்ராஃபில்டர் ஒன்றும் இருந்தே ஆகவேண்டும் என்று அவள் நிரூபித்திருக்கிறாள். அல்ட்ராஃபில்டர் என்பது எதைக் காட்டினாலும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடும். 'பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது. உன் அண்ணியை நினைத்துக்கொள், புரிந்துவிடும்.

பிறகு குழுத் தலைவர் வலேரியான் இல்யிச், "வந்திருக்கறவங்க யாராச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார். சடங்குக்காகக் கேட்பதாம், யாரும் வாயைத் திறப்பதில்லையாம். எனக்கு யார் சொன்னார்கள்? கை தானாக மேலே போய்விட்டது.

"ஏம்மா, இருந்தா, இருந்தான்னே சொல்றியே. அந்தக் குலம் இருக்கா, இல்லையா?"

ஸ்லாத்தாவின் காது சிவந்தது. பக்கத்தில் இருந்த உன் அண்ணி என் தொடையில் கிள்ளினாள். பட்டம் கொடுக்கலாமா என்று குழு இன்னும் வாக்கெடுக்கவில்லை, பிள்ளையின் ஆறு வருட உழைப்பை ஒரே வாயில் தின்றுவிட்டேனே என்று தூக்கிய கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்தேன்.

"கணக்கோட விதிகளுக்கு மேல கூடுதலா ஒரு விஷயத்த நம்பினா இருக்குப்பா," என்றாள் மெதுவாக. "நம்பாட்டி, யாருக்கும் தெரியாது."

வலேரியான் இல்யிச் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. "அம்பது வருஷத்துக்கு மேல நாங்க கேட்டுட்டிருக்கறதே இதத்தாங்க! செயலாளரம்மா, குறிப்புல ஏத்துங்க. கேள்வி கேட்டவர், டிராலிபஸ் ஓட்டுநர்."

"ஓய்வு பெற்ற," என்று திருத்தினேன்.

பதினாறு சீட்டு, பதினாறும் ஆதரவு. திங்கட்கிழமை வங்கி. இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை, தம்பி. மனசு நிறைந்திருக்கிறது. உன் வீட்டில் சிறியவர்களுக்கு என் முத்தங்கள், பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
சவேலி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஸ்லாத்தா வந்தாள். வங்கிக்கு வர முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டாளாம். "நீங்க சும்மா இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்பா. எல்லார் முன்னாடியும் கேட்டுட்டீங்க. பெத்த அப்பாவுக்குப் பதில் சொல்லாம எப்படிப் போறது?" என்கிறாள். நன்றாகத் திட்டலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் அந்தக் குலம் இருக்கா, இல்லையா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டுமே, தம்பி.