துரும்பில்லாத ஊர்

"மேடம் கள்ளக்குறிச்சிய வுட்டுக் கெளம்பிட்டாங்களாம் தலைவரே!"

அம்மாசி ஓடி வந்து சொன்னபோது, ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி வரப்பில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். கரும்பெல்லாம் ஆலைக்குப் போய்விட்டது. உரித்துப் போட்ட காய்ந்த கரும்பிலையான சோகை மட்டும் ரோட்டோர வயல்களில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

போனில் அந்த மேடம் சொன்னது இவ்வளவுதான்: "மின்சாரம் தயாரிக்கிற கம்பெனி சார். உங்க வயல்களைப் பார்க்க வர்றோம். எதையும் மாத்த வேணாம். இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்."

மலையடிவாரத்தில் பொன்னுரங்கம் தலைவராக இருக்கும் ஊருக்குச் சோலார் வந்துவிட்டது. அன்று முதல் பொன்னுரங்கம் கல்யாண வீடுகளில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. ஆகவே, மின்சாரக் கம்பெனி என்றால் சோலார்தான் என்பதில் தெய்வசிகாமணிக்குச் சந்தேகமே எழவில்லை. 'சூரிய ஒளி மின்சாரம் தந்த செம்மல்' என்று கைகூப்பிய படத்தோடு ஃபிளெக்ஸே கட்டியாகிவிட்டது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடக்கும் மகன் சுப்புராயனும், "நம்மூர்லயே வேலைன்னா மறு பஸ்ல வந்துடுவேம்பா" என்றிருந்தான். அம்மா பச்சையம்மாள் அப்போதே அவன் பாயை வெயிலில் காயப் போட்டுவிட்டாள்.

"அவங்கதான் ஒண்ணும் மாத்த வேணாம்னாங்களே, அப்படியே வுடுங்களேன்" என்றாள் பச்சையம்மாள்.

"பொண்ணு பார்க்க வர்றவங்களுந்தான் ஒண்ணும் வேணாம்பாங்க. அதுக்காக உங்க வூட்ல கேசரி கிண்டாமயா இருந்தாங்க? இந்தக் குப்பையில எங்க சோலார் பலகை நடறதாம்? அம்மாசி, வை நெருப்ப!"

தலைவரே வைத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஊரிலிருந்த அத்தனை வயலும் பற்றிக்கொண்டது. வயல் சுத்தமானது. ஆனால் புகை எழும்பி வானத்தை மூடியது.

"தலைவரே, சூரியனக் காணோம்!"

தெய்வசிகாமணி அண்ணாந்து பார்த்தார். சோலார் கம்பெனி வரும் நேரம் பார்த்து ஊரில் சூரியன் இல்லை.

"மோட்டாரப் போட்டு தண்ணி வுடுடா!"

"கரண்டு இல்லீங்க."

"எப்பதான் வரும்?"

"மேடம் வந்தாதாங்க வரும்."

முறைக்க நேரமில்லை. ஊராட்சித் தண்ணீர் டேங்கரை வரவழைத்து ஊற்றினார்கள். அணைந்த நெருப்பு முன்னைவிடக் கரும்புகையாகக் கிளம்பியது. அணையாதது காற்றோடு போய் ஃபிளெக்ஸைத் தொட்டது. செம்மலின் முகம் கருகி, கூப்பிய கைகள் மட்டும் மிஞ்சின.

அந்தக் கைகளுக்குக் கீழேதான் கம்பெனிக் கார் வந்து, டேங்கர் உண்டாக்கிய சேற்றில் சிக்கிக்கொண்டது. செம்மலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்.

மேடம் இருமிக்கொண்டே இறங்கினார். செல்போனிலிருந்த படத்தையும் கரிந்த வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வாரம் எங்க ஆளு போட்டோ எடுத்த வயல் எது சார்?"

"இதேதாங்க! அடையாளமே தெரியல இல்ல?" தெய்வசிகாமணி முகத்துக் கரியோடு பூரித்தார். "ஊரு முழுக்க இப்படித்தான். ஒரு துரும்பு வெக்கல!"

"ஊர் முழுக்கவா?"

"காலையிலேர்ந்து ஒருத்தரும் சோறு துன்னலீங்க."

மேடம் காருக்குள் போய் உட்கார்ந்தார். பச்சையம்மாள் நீட்டிய மோர் வாங்கப்படாமல் நின்றது.

தெய்வசிகாமணி டிரைவர் பக்கம் ஓடினார். "தம்பி, நீயாவது சொல்லு. புகைதான? செத்த நேரத்துல கலைஞ்சிடும். எங்க ஊர்ல வெயிலு ஜாஸ்தி தம்பி. எம் புள்ள வர்றேன்னுகினு இருக்கான்..."

டிரைவர் பரிதாபமாக அவரைப் பார்த்தான்.

"வெயில வெச்சி நாங்க இன்னா பண்றது தலைவரே? சோகைய வெலைக்கு வாங்கி, எரிச்சி கரண்டு எடுக்கற கம்பெனி இது. எங்க வேலையத்தான் காலையிலயே நீங்க முடிச்சிட்டீங்களே!"